உள்ளே இரண்டு விரல் துணி

ஜூன் 16, திங்கள்

கோவை ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகராக இருக்கும் ரேணுகா மேடம் ஒரு நோட்டுப் போடச் சொன்னார். என்ன சாப்பிட்டேன், எவ்வளவு, அதன் பிறகு உடம்பு எப்படி இருந்தது, மூன்றையும் தினமும் எழுத வேண்டுமாம். புது நோட்டு எதற்கு என்று கடை அளவு நோட்டைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். முன்பக்கம் கோபிச்செட்டிபாளையத்துப் பெண்களின் ஜாக்கெட் அளவு. பின்பக்கம் கலாமணியின் வயிற்று அளவு.

ஆபரேஷன் முடிந்து பதினோரு நாள் ஆகிறது. போகும்போது நூற்றுப் பதினெட்டு கிலோ. முழங்கால் இரண்டும் தையல் மிஷினைவிட அதிகமாகச் சத்தம் போட்டன. சர்க்கரை முந்நூறைத் தொட்டிருந்தது. இரைப்பையை நீளவாக்கில் வெட்டி வாழைப்பழம் அளவுக்கு மிச்சம் வைத்திருப்பதாக டாக்டர் படம் போட்டு விளக்கினார். தையல்காரிக்கு இதற்குப் படம் வேண்டாம். பக்கத்தைப் பிடித்துத் தைத்து, மிச்சத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். "உள்ள கொஞ்சம் துணி உட்டிருக்கீங்களா டாக்டர், பின்னால பிரிச்சுக்கறதுக்கு?" என்று கேட்டேன். நர்ஸ் சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை.

எங்கள் வீட்டுக்காரர் சென்னியப்பன் சத்தியமங்கலம் மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிறார். அவருக்கு இந்த ஆபரேஷனில் துளியும் இஷ்டமில்லை. ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். "எல்லாம் நான் பாத்துக்கறேனுங்க, உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராது" என்று வாக்குக் கொடுத்துத்தான் கையெழுத்து வாங்கினேன்.

இன்று பருப்புத் தண்ணீர், மோர், இளநீர் மாற்றி மாற்றி. புரதப் பவுடர் சுண்ணாம்பு கரைத்த மாதிரி இருக்கிறது. உடம்பு: நன்று.

ஜூன் 25, புதன்

கடைக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். அம்சவேணி அக்கா எனக்கு முன்பே வந்து கூட்டிப் பெருக்கி, மிஷினுக்கு எண்ணெய் விட்டு வைத்திருந்தார். கொக்கி வைப்பது, ஓரம் அடிப்பது எல்லாம் அவர் கைவேலை. பதினோரு வருடமாக என்னோடு இருக்கிறார். இந்த ஊரில் ஆபரேஷன் விஷயம் தெரிந்தது வீட்டுக்காரருக்கும் அவருக்கும் மட்டும்தான். மற்றவர்களுக்கு நான் கோவையில் ஒரு வாரம் டிசைன் பயிற்சிக்குப் போயிருந்தேன்.

"எப்பிடி எளைச்சீங்க?" என்று கேட்ட முதல் ஆளிடம் கொள்ளு ரசம் என்று சொல்லி வைத்தேன். சாயங்காலத்துக்குள் நாலு பேர் வந்து எத்தனை டம்ளர் என்று கேட்டுவிட்டார்கள்.

ஜூலை 2, புதன்

இன்றுமுதல் குழைந்த சாப்பாடு. விதி நிறைய இருக்கிறது. ஒரு வாய்க்கு இருபத்தைந்து தடவை மெல்ல வேண்டும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னும் அரை மணி பின்னும் தண்ணீர் கூடாது. போதும் என்று தோன்றினால் அடுத்த வாய் கூடாது.

வீட்டுக்காரர் அவராகவே அரிசிம்பருப்புச் சாதம் வைத்திருந்தார். அவருக்குச் சமைக்கத் தெரிந்தது அது ஒன்றுதான். நன்றாகக் குழைய விட்டு, நெய் விட்டு, காபி டம்ளரின் மூடியில் வைத்து நீட்டினார். ஆபரேஷனுக்கு முன்பானால் நான் குக்கரைக் காலி செய்திருப்பேன். மூன்றாவது வாய் நெஞ்சுக்குக் கீழே போய் நின்றுகொண்டது. வாயெல்லாம் எச்சில் நுரையாக ஊறியது. பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டேன். கொஞ்சம் வெளியே வந்துவிட்டது. அவசரமாக மென்றிருப்பேன், என் தப்புதான்.

"எறங்குச்சா?" என்றார்.

"நல்லாருந்துதுங்க" என்றேன். உடம்பு: நன்று.

ஜூலை 9, புதன்

மார்பு 48லிருந்து 44. இடுப்பு 46லிருந்து 42. டேப் பொய் சொல்லாது.

ஜூலை 15, செவ்வாய்

சத்து மாத்திரை சுண்டுவிரல் நீளம் இருக்கிறது. அது போய் அடைத்துக்கொள்கிறது என்பதால் நாலு நாளாக விட்டுவிட்டேன். அட்டையைக் குப்பையில் போட மனம் வராமல் கடையில் பட்டன் டப்பாவுக்குள் போட்டு வைத்தேன். கொஞ்சம் சரியானதும் எடுத்துக்கொள்ளலாம்.

ரேணுகா மேடம் போன் பண்ணினார்.

"சாப்பாடு எல்லாம் போகுதுங்களா கலாமணி? வாந்தி இருக்கா?"

"அதெல்லாம் இல்லீங்க மேடம்."

"மாத்திரை?"

"போட்டுக்கறனுங்க."

போனை வைத்த பிறகு அம்சவேணி அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நூல் அறுந்துவிட்டதா என்று கேட்டேன். இல்லை என்றார்.

ஜூலை 21, திங்கள்

தொண்ணூற்று ஒன்பது. இரட்டை இலக்கத்தில் என்னை நான் பார்த்துப் பதினேழு வருடம் ஆகிறது. எடை பார்க்கும் மிஷினில் இரண்டு தடவை இறங்கி ஏறினேன்.

பாரியூர் கோயிலில் ஒருத்தி என்னை அடையாளம் தெரியாமல் கடந்து போனாள். அந்தச் சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. என் கல்யாணத்தில் மாலை மாற்றும்போது, "மாப்பிள்ளைக்கு மாலை பத்துது, பொண்ணுக்குத்தான் ரெண்டு மாலையச் சேத்து முடியோணும்" என்று பின்னால் யாரோ சொன்னதும், மண்டபம் சிரித்ததும் இருபத்திரண்டு வருடமாகக் காதில் இருக்கிறது. இன்று அது கொஞ்ச நேரம் கேட்கவில்லை.

சாயங்காலம் உட்கார்ந்து என் ஜாக்கெட் எட்டையும் பிடித்துத் தைத்தேன். எந்தத் தையல்காரியும் பக்கத் தையலுக்கு உள்ளே இரண்டு விரல் துணி விட்டுத்தான் தைப்பாள். நாளைக்கு உடம்பு போட்டால் பிரித்து விட்டுக்கொள்ளலாம். நான் எட்டு ஜாக்கெட்டிலும் அந்தத் துணியை ஒட்ட வெட்டிவிட்டேன். திரும்பிப் போகப் போவதில்லை.

"எதுக்கம்மிணி அதையும் வெட்டற? கெடந்துட்டுப் போகுது" என்றார் அக்கா.

"எனக்கு இனிமே வேண்டாங்க்கா."

மதியம் அரை இட்லி. மறுபடி குழாய். இரவு மோர் மட்டும். உடம்பு: நன்று.

ஜூலை 30, புதன்

அண்ணன் மகள் தாரணிக்கு ஆகஸ்ட் 29 கல்யாணம். கூறைச்சேலை ஆனியிலேயே எடுத்துவிட்டார்கள். இன்று அவள் அம்மா பூவாத்தாள் நங்கையோடு அளவு கொடுக்க வந்தாள். என் அண்ணன் மனைவிக்கு வாய் கொஞ்சம் நீளம், மனசு கெட்டதில்லை. வந்ததும் என்னைச் சுற்றி ஒரு சுற்று வந்தார்.

"கொள்ளு ரசம் மட்டும்தானா கலா? நானும் ஒரு மாசமாக் குடிக்கறேன், சூடு புடிச்சதுதான் மிச்சம்."

"சீரகம் கொறவாப் போட்டிருப்பீங்க" என்றேன். சிரிப்பை அடக்குவது பெரிய பாடாகிவிட்டது.

தாரணிக்கு முப்பத்தாறு வந்தது. "அத்தை, ஒரு இஞ்ச் கம்மியாத் தைங்க. அதுக்குள்ள நான் எளைச்சிருவேன்" என்றாள். முன்னெல்லாம் இப்படிக் கேட்கிற மணப்பெண்ணைத் திட்டி அனுப்புவேன். இன்று சரி கண்ணு என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. கொடிவேரி அணைக்குப் போனோம். ஊரே சாப்பாட்டுத் தூக்குப்போசியோடு வந்திருந்தது. வீட்டுக்காரர் எலுமிச்சை சாதமும் தக்காளி சாதமும் பொட்டலமாகக் கட்டி எடுத்து வந்திருந்தார். என் பங்கைக் கையில் வைத்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்து, அவர் திரும்பிய நேரமெல்லாம் மீனுக்குப் போட்டேன். மீன்களுக்கு நல்ல பசி.

தண்ணீருக்குள் காலை விட்டுக்கொண்டிருந்தபோது, "உன்ற செருப்பு எங்க?" என்று கேட்டார். வலது காலில் இல்லை. ஆற்றோடு போயிருக்கிறது. கழன்றதே தெரியவில்லை. கால் இளைத்துச் செருப்புத் தொளதொளவென்று ஆகிவிட்டது, அதனால்தான்.

அவர் என் காலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும்போது தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பஸ் ஸ்டாப் வரை வெறுங்காலோடு சூட்டில் நடந்தார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கண்ணாடியை மாற்ற வேண்டும். ஊசியில் நூல் கோக்க அக்காவைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. மிஷின் மிதியில் கால் வைத்தால் மெத்தையை மிதிக்கிற மாதிரி இருக்கிறது. புது ரப்பர் விரிப்பு சரியில்லை.

தலைமுடி கொத்தாக வருகிறது. இந்த ஆபரேஷன் ஆன எல்லோருக்கும் வருமாம்.

அவர் லீவு போட்டு ஆளை வரவழைத்து, பாத்ரூம் சுவரில் கைப்பிடிக் கம்பி ஒன்று பதித்தார். எதற்கென்று கேட்டதற்கு, "எனக்குத்தான், முட்டி வலிக்குது" என்றார். பஸ்ஸில் எட்டு மணிநேரம் கிளட்ச் மிதிக்கிற ஆள், இருக்கும். சமையலறைக் கதவுக்குப் பின்னால் மாதக் காலண்டரிலும் புள்ளி புள்ளியாக என்னமோ வைக்கிறார். டூட்டி மாறிய நாளாக இருக்கும்.

தொண்ணூற்று இரண்டு.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தாரணியின் ஜாக்கெட்டை வெட்டினேன். அரக்குப் பட்டு, கைக்கு ஜரிகை. டேப்பில் கோடு இரண்டு இரண்டாகத் தெரிந்தது. ஒரு கண்ணை மூடினால் ஒன்றாகிவிடுகிறது. களைப்பு. உள்கோட்டைப் பார்த்து வெட்டினேன். கைப்பழக்கத்தில் பக்கத்துணியையும் ஒட்ட வெட்டிவிட்டேன்.

உடம்பு: நன்று.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

எழுத விருப்பமில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

தாரணி போட்டுப் பார்க்க வந்தாள். கொக்கி சேரவில்லை. நான்கு விரல் இடைவெளி. அவள் மூச்சை இழுத்துப் பிடித்தும் பயனில்லை. "பரவால்ல அத்தை, பிரிச்சு உடுங்க" என்றாள். அம்சவேணி அக்கா ஜாக்கெட்டை வாங்கி உள்பக்கம் புரட்டிப் பார்த்தார். அந்தத் தையலுக்கு உள்ளே நூல் அகலத்துக்குக்கூடத் துணி இல்லை.

"கல்யாணத் துணிக்குமா உள்ள உடல?" என்று மெதுவாகத்தான் கேட்டார். இருபத்தைந்து வருடத்தில் நான் எந்தப் பெண்ணின் கூறைச்சேலை ஜாக்கெட்டையும் கெடுத்ததில்லை. தாரணி அழுதுகொண்டே போனாள்.

பெரிய கொக்கி வைத்தாவது பார்க்கலாம் என்று அக்கா பட்டன் டப்பாவைக் கொட்டினார். மாத்திரை அட்டைகள் விழுந்தன. ஏழு அட்டை, பிரிக்காதது.

"கலா, உனக்கு எதோ ஆகுது. பத்து நாளாக் கால இழுத்து இழுத்து நடக்கற. கொழாச் சத்தத்துக்குள்ள வாந்தி எடுத்தா யாருக்கும் கேக்காதா? நான் சென்னியப்பன்கிட்டச் சொல்லப் போறேன்."

"உங்க சோலியப் பாருங்கக்கா. நான் எளைக்கறது பொறுக்கல உங்களுக்கு" என்றேன். சொன்னேன். அந்த வார்த்தையை நான்தான் சொன்னேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

அக்கா கடைக்கு வரவில்லை. வரி ரெண்டாத் தெரியுது. எழுத

ஆகஸ்ட் 23, சனி

கோவை ஆஸ்பத்திரி. இன்று வரி ஒன்றாகத் தெரிகிறது.

பத்தொன்பதாம் தேதி காலையில் பாத்ரூமுக்குப் போனேன். தரை இருக்கிற இடத்தில் தரை இல்லை. விழப் போனபோது கைக்குச் சிக்கியது அந்தக் கம்பி. அவர் ஓடி வந்தபோது அவரை என் அண்ணன் பெயர் சொல்லிக் கூப்பிட்டேனாம். எனக்கு நினைவில்லை. அம்சவேணி அக்கா முந்தின சாயங்காலமே பஸ் ஸ்டாண்டில் போய்க் காத்திருந்து அவரிடம் சொல்லியிருக்கிறார். விடிந்ததும் கோவை என்று கார் பேசி வைத்திருந்தார்களாம்.

டாக்டர், "எத்தனை நாளா வாந்தி?" என்று கேட்டார். அந்த நிலையிலும், "எப்பவாச்சும்தானுங்க" என்றேன். எங்கள் வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து மடித்த காலண்டர் தாள் இரண்டை எடுத்து மேஜைமேல் விரித்தார். ஜூலை, ஆகஸ்ட். நீலப் பேனாவில் புள்ளிகள்.

"ஜூலை ரெண்டுல ஆரம்பிச்சதுங்க. கொழாயத் தொறந்து உட்டுட்டாக் கேக்காதுன்னு நெனச்சிட்டிருக்கா. நான் ஊட்ல இருக்கும்போது வந்தது மட்டுந்தான் இது."

டாக்டர் பேனாவை வைத்து எண்ணினார். எழுபத்தொன்று. பிறகு அவரைப் பார்த்து, "இத்தனை தெரிஞ்சும் ஏன் கூட்டிட்டு வரல?" என்று சத்தம் போட்டார். ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் ஓட்டுகிற மனுஷன், பள்ளிக்கூடப் பையன் மாதிரி தலைகுனிந்து நின்றார்.

வாந்தியிலேயே சத்தெல்லாம் போய், பி1 என்கிற ஒன்று உடம்பில் துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிட்டதாம். அது போனால் கண், கால் நரம்பு, புத்தி என்று வரிசையாகப் போகுமாம். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் திரும்பியிருக்காது என்றார்கள். ரத்தக்குழாய் வழியாக அந்தச் சத்தை முதலில் ஏற்றி, அதற்கு அப்புறம்தான் குளுக்கோஸ் போட்டார்கள். வயிற்றில் தைத்த இடத்தில் நடுவில் சுருங்கியிருந்ததாம். நேற்று குழாய் விட்டு, பலூன் வைத்து விரித்தார்கள். ஜாக்கெட்டில் செய்ய முடியாததை என் வயிற்றில் செய்துவிட்டார்கள்.

சாயங்காலம் அவரிடம் கேட்டேன்.

"தெரியும்ல. ஏங்க ஒரு வார்த்தை கேக்கல?"

கட்டிலின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கேட்டா, நான் அப்பவே வேண்டாம்னேன்னு குத்திக் காட்டறேன்னு நெனப்பியோன்னு இருந்துச்சு. நீயாச் சொல்லுவேன்னு தெனமும் பாத்துட்டிருந்தேன் புள்ள."

வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. இந்தக் கண்ணும் காலும் போயிருந்தால் தையலும் போயிருக்கும். எண்பத்தொன்பது கிலோவில் நான் என்னத்துக்கு ஆகியிருப்பேன்? இருவருமே வாயைத் திறக்காமல் இருந்து, சாவுக்குப் பக்கத்தில் போய்விட்டு வந்திருக்கிறோம்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

வீட்டுக்கு விட்டார்கள். கிளம்புமுன் ரேணுகா மேடம் இந்த நோட்டைக் கேட்டார். கொடுத்தேன். வெகுநேரம் படித்தார்.

"உடம்பு நன்று, உடம்பு நன்றுன்னு எழுதியிருக்கீங்க. அதுக்கு என்னங்க அர்த்தம்?"

"எளைச்சுட்டு வந்தனுங்க மேடம்."

அவர் திட்டியிருந்தால் தேவலை. நோட்டைத் திருப்பிக் கொடுத்து, மாத்திரையைப் பொடிசெய்து மோரில் கலந்து குடிக்கச் சொன்னார். இப்படி ஒரு வழி இருப்பது எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் ஜூலையிலேயே சொல்லியிருப்பார்.

சாயங்காலம் அம்சவேணி அக்கா வந்தார். வாசலில் நின்றவரை உள்ளே கூப்பிடவே எனக்கு வாய் வரவில்லை. அவராக வந்து உட்கார்ந்து, பையிலிருந்து தாரணியின் ஜாக்கெட்டை எடுத்தார். சேலையின் உள்முனையிலிருந்து முழம் துணி வெட்டி, இரண்டு பக்கமும் அக்குளுக்குக் கீழே பட்டை கொடுத்துச் சேர்த்திருந்தார். கையைத் தூக்கினால்கூடத் தெரியாது. உள்பக்கம் புரட்டினேன். இரண்டு விரல் துணி விட்டிருந்தார்.

"அக்கா, அன்னிக்கு நான் பேசுனது" என்று ஆரம்பித்தேன்.

"அந்தக் கையுல இன்னும் கொஞ்சம் ஜரிகை தூக்கிட்டு நிக்குது, பாரு" என்றார். அழுதுவிட்டேன். அவரும் மூக்கை உறிஞ்சினார்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கல்யாணத்துக்குப் போனோம். கைத்தடி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். தாரணி அந்த ஜாக்கெட்டில் மணவறையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

பந்தியில் பூவாத்தாள் நங்கை எனக்கு நேராக வந்து நின்றுகொண்டு ஜாங்கிரியை வை, வடையை வை என்று பரிமாறுபவரை விரட்டினார். "ஒண்ணுமே தொடல. மருமகன் ஊட்டுக்காரங்க என்ன நெனப்பாங்க? எங்க மேல கோவமா கலா?"

இலையை மூடிவிட்டு எழுந்துவிடலாம். கை கழுவும் இடத்தில் குழாய் இருக்கிறது. இருபத்திரண்டு வருடம் முன்பு சிரித்த மண்டபத்தில் பாதிப் பேர் இங்கேயும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் என்னைப் பார்த்தார்.

"கோவமில்லீங்க நங்கை. எனக்கு வயித்துல ஆபரேஷன் பண்ணியிருக்குது, எளைக்கறதுக்கு. நாலு வாய்க்கு மேல எறங்காது. இனிப்பு தின்னாப் படபடன்னு வந்துரும். போன வாரம் அதுலயே ஆஸ்பத்திரில கெடந்தேன். கால் இன்னும் சரியாகல."

பக்கத்து இலைக்காரர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். நங்கை வாயில் கை வைத்தார்.

"அப்ப நான் ரெண்டு மாசமாக் கொள்ளு ரசம் குடிச்சது?"

எதிர்வரிசையில் ஒருத்தர், "நானும்தான்" என்றார். முதலில் சிரித்தது நான்தான். அப்புறம் நங்கையும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். பரிமாறுபவரை நிறுத்தி, பருப்பை மட்டும் ஒரு கரண்டி, குழைவாக எடுத்து வரச் சொன்னார். பந்தி எழுந்த பிறகும் நானும் எங்கள் வீட்டுக்காரரும் உட்கார்ந்து மெதுவாக அந்தப் பருப்பை முடித்தோம்.

செப்டம்பர் 15, திங்கள்

எண்பத்தொன்பதிலேயே நிற்கிறது. நிற்கட்டும் என்கிறார் டாக்டர்.

வாரம் ஒருமுறை வீட்டுக்காரர் என் கால்விரலைக் குண்டூசியின் கொண்டையால் தொட்டுப் பார்க்கிறார். நான் கண்ணை மூடிக்கொண்டு தெரிகிறதா என்று சொல்ல வேண்டும். கட்டைவிரல் வந்துவிட்டது. சுண்டுவிரல் இரண்டும் இன்னும் மரத்துத்தான் கிடக்கின்றன. ஆறு மாதம் ஆகலாமாம், முழுதாக வராமலும் போகலாமாம். மிஷினுக்கு, காலால் மிதிக்காமல் கையால் இயக்கும் மோட்டார் வைத்துக்கொள்ளலாமா என்று விசாரித்திருக்கிறேன்.

எட்டு ஜாக்கெட்டும் இனி பிரிக்க வழியில்லாதவை. அக்கா துடைக்கும் துணியாக எடுத்துக்கொண்டார். எனக்குப் புதிதாக ஒன்று வெட்டினேன். பக்கத்துக்கு இரண்டு விரல் விட்டு.

மதியம் இடியாப்பம் மாதிரிப் பிழிந்த சந்தகை கொஞ்சம் சாப்பிட்டேன். நன்றாக இருக்கிறது என்று ஒரு வாய் கூடப் போட்டது தப்பு. நெஞ்சுக்குக் கீழே போய் நின்றது. பாத்ரூமுக்கு நடந்தேன். கை குழாய்மேல் போனது. எடுத்துவிட்டு, "ஏனுங்க, இங்க வாங்க" என்று கூப்பிட்டேன்.

வந்தார். நான் வாந்தி எடுத்து முடிகிறவரை நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அவர் உள்ளங்கையில் பஸ் ஸ்டியரிங்கின் காய்ப்பு சொரசொரவென்று இருந்தது. முகம் கழுவியதும் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போனார். நானும் போனேன். பேனாவை அவர் கையிலிருந்து வாங்கிப் பதினைந்தின் கீழே நானே புள்ளி வைத்தேன். இந்த மாதத்தில் மூன்றாவது.

"மேடத்துக்கு நாளைக்குப் போன் பண்ணோணும்" என்றேன்.

"இப்பவே பண்ணு" என்று போனை எடுத்து நீட்டினார்.